உச்சியில் எண்ணெய் வைக்கக் கூடாது

அக்டோபர் 14, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் இனித் தேதி போட்டு எழுதப் போகிறேன். எழுதி முடித்ததும், ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை இணைப்பில் வாசகர்களின் குடும்ப அனுபவங்களைப் போடுகிறார்களே, அந்தப் பக்கத்துக்கு அனுப்புவேன். முழுப் பெயர், படித்த படிப்பு, பாளையங்கோட்டை விலாசம் எல்லாம் கீழே போட்டு. என் அண்ணன் ஆவுடையப்பன் அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர். படிக்கட்டும்.

முதலில் இன்று நடந்தது.

அப்பா கட்டிய வீடு இது. மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் எனக்கு. நான் ஜபல்பூரில் மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேதியியல் ஆய்வாளனாக இருந்தேன். என்னைவிட எல்லாவற்றிலும் குறைந்த ஒருவரைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் கையெழுத்துக்குக் காத்து நிற்க எனக்கு இஷ்டமில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே வந்துவிட்டேன். மாடியோடு பேச்சு கிடையாது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர் மோட்டார். அதன் சுவிட்ச், மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணன் மோட்டாரைப் போட்டால் பெட்டிக் கதவில் சாக்கட்டியால் ‘போட்டேன்’ என்று எழுதுவார். நிறுத்துகிறவன் நான். அதை அழித்துவிட்டு ‘நிறுத்தினேன்’ என்று எழுதுவேன். இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல் இந்த இரண்டு சொற்கள்தான்.

காலையில் வழக்கம்போல் நான்தான் மோட்டாரை நிறுத்தினேன். எழுதினேன். உள்ளே வந்து காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு பேப்பர் எடுக்கப் போனேன். பேப்பர் போடுகிறவர் அதைச் சரியாக அந்தப் பெட்டிக்கு அடியில்தான் வீசுவார். இரண்டு வருஷமாகச் சொல்கிறேன், கேட்பதில்லை. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். பெட்டிக் கதவின் இரும்பு முனை உச்சந்தலையில் ஏறியது. கதவை யாரோ திறந்துபோட்டிருந்தார்கள். யார் என்று எழுதத் தேவையில்லை. நான் மோட்டாரை நிறுத்திய பிறகு மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை என்பது உண்மைதான். நேற்றே திறந்துவிட்டிருக்கலாம்.

தலைக்காயம் சின்னதாக இருந்தாலும் ரத்தம் அதிகம் வரும் என்று படித்திருக்கிறேன். படித்திருப்பது வேறு, அது கண்ணுக்குள் இறங்குவது வேறு. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மனைவி கோமதி ஓசூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான். இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அந்த வகையில் நல்லது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஓர் இளம்பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். தையல் வேண்டாம், பசை போதும் என்றாள். காயத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இந்தப் பக்கத்து முடியையும் அந்தப் பக்கத்து முடியையும் முறுக்கி, முறுக்கின் மேல் ஒரு சொட்டு. அவ்வளவுதான். ஈரம் பட்டால் இறுகுகிற பசை அது. அதன் மூலக்கூறு எப்படிச் சங்கிலியாகிறது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“சார், நீங்க சொல்றதெல்லாம் சரி. தலைய மட்டும் ஆட்டாதீங்க.”

என் வயதில் இப்படி அடர்த்தியான முடி அபூர்வம் என்றும், இல்லாவிட்டால் இந்த முறை பலித்திருக்காது என்றும் சொன்னாள். அதை இங்கே குறித்து வைக்கிறேன். அண்ணனுக்கு முழு வழுக்கை.

பிறகு கட்டளைகள். ஐந்து நாள் தண்ணீர் படக் கூடாது. சீப்பு கூடாது. சொறியக் கூடாது. பசை தானாக உதிரும்வரை எண்ணெய், களிம்பு எதுவும் வைக்கவே கூடாது. எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும். தினமும் யாராவது காயத்தைப் பார்த்து, சிவப்போ சீழோ இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். இன்று முழுக்க யாராவது கூட இருந்து அவ்வப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும்: பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர். பதில் குழறினாலோ வாந்தி வந்தாலோ உடனே திரும்பக் கூட்டிவர வேண்டும்.

வீட்டில் கூட யார் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அப்படியென்றால் இங்கேயே படுங்கள் என்றாள். அந்த வார்டைப் பார்த்தேன். அண்ணன் குடும்பம் மாடியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம்பர் கேட்டாள். சொன்னேன். அப்பா காலத்து டெலிபோன் எண் அது, மறந்துபோகக் கூடியது இல்லை. அவளே கூப்பிட்டுப் பேசினாள்.

மதியம் வாசலில் மணி அடித்தது. அண்ணன் நின்றார். உள்ளே வரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“ஒம் பேரு என்ன?”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் உடன்பிறந்தவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். இனிஷியலோடு சொன்னேன். சரியான விடை என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு மாடி ஏறிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி. எந்த ஊர் என்றார். சொன்னேன். போனார். சாயங்காலம் மறுபடியும்.

“இன்னைக்கு என்ன கெழம?”

“செவ்வாய். நான் போயிட்டா இன்னைக்கே எடுத்துருங்க. யாருக்காகவும் காத்துக் கெடக்க வேண்டாம்.”

அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புத்தி தெளிவாத்தான் இருக்கு,” என்றார். போய்விட்டார்.


அக்டோபர் 15, புதன்

அண்ணன் நேற்று ராத்திரி என் கூடத்து நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். டாக்டர் சொன்னதற்காக. நான் கேட்கவில்லை. எழுந்து வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஃபிளாஸ்கில் காப்பி. சர்க்கரை இல்லாமல், டிகாக்‌ஷன் தூக்கலாக. என் பழக்கம் மாடியில் யாருக்கு நினைவிருக்கப் போகிறது, தற்செயல்தான்.

நேற்று அவரிடம் ‘இன்னைக்கே எடுத்துருங்க’ என்று சொன்ன அந்தப் பேச்சு, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அம்மா இறந்தது ஒரு புதன்கிழமை காலையில். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. ஜபல்பூரிலிருந்து ரயிலில் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்திருக்க வேண்டும். வழியில் தண்டவாளத்தில் வெள்ளம். ஊர் பேர் தெரியாத இடத்தில் ரயில் நின்றுகொண்டே இருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். வெள்ளி சாயங்காலமே எடுத்துவிட்டிருந்தார்கள். சனிப் பிணம் தனிப் போகாதாம். எந்த விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது இது? மொட்டையடித்த தலையோடு அண்ணன் முற்றத்தில் நின்றார். சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “ஒரு ராத்திரி பொறுக்க முடியல, இல்லையா?” அவர் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே. நான் மொட்டை போட்டுக்கொள்ளவில்லை. காரியத்துக்கும் நிற்கவில்லை. அன்றைக்கே ரயில் ஏறினேன்.

இதுதான் விஷயம். இதைத்தான் பத்திரிகைக்கு எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது. பிறகு விரிக்க வேண்டும்.

காயத்தை நானே பார்க்கலாம் என்று முயன்றேன். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையில் இன்னொரு கண்ணாடி. காது தெரிந்தது. செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தேன். மின்விசிறியின் படங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன.

கோமதி போனில் கூப்பிட்டாள். மாடியிலிருந்து செய்தி போயிருக்கிறது.

“காயத்த யாரு பாக்கா?”

நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“ஒங்க உச்சிய நீங்களே பாக்கதுக்கு ஒங்களுக்கு என்ன, மேல ஒரு கண்ணா இருக்கு? மாடியில சொல்லி அத்தான அனுப்பச் சொல்லுதேன். பேசாட்டாப் போங்க. தலையக் குனிஞ்சு காட்டுததுக்குப் பேச்சு எதுக்கு?”

சாயங்காலம் மதினி செண்பகவல்லி இறங்கி வந்தாள். அண்ணனோடுதான் எனக்குப் பேச்சு இல்லை. மதினியிடம் அவசியத்துக்குப் பேசுவேன். ஒரு கையில் இட்லி, மறு கையில் நெல்லையப்பர் கோவில் திருநீறு. காயத்தில் கொஞ்சம் பூசிவிடுகிறேன் என்றாள். தடுத்தேன். காயத்தில் எதுவும் படக் கூடாது என்று டாக்டர் தந்த தாளைக் காட்டினேன். அவள் யோசித்து, சரி, நெற்றிக்கு ஒன்றும் தடை போடவில்லையே என்று நெற்றியில் பூசிவிட்டுப் போனாள்.


அக்டோபர் 16, வியாழன்

அரிக்கிறது. சொறியக் கூடாது.


அக்டோபர் 17, வெள்ளி

அண்ணன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றும் இன்றும் வந்து காயத்தைப் பார்க்கிறார். நான் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். இருவரும் எதிரெதிரே பார்க்க வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி.

காயத்தைத் தன் உத்தியோக பாஷையில்தான் அவருக்குச் சொல்ல வருகிறது. “வடக்கு எல்லை சுத்தம். கெழக்கு மூலையில லேசாச் செவப்பு, நேத்தைக்கு இன்னைக்குக் கொறச்சல். ஆக்கிரமிப்பு ஒண்ணும் இல்ல.”

என் தலையில் எது வடக்கு என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

“மூக்கு இருக்க தெச,” என்றார்.

“நான் திரும்பி உக்காந்தா?”

“தல திரும்புனா எல்லையும் திரும்பும். நீ எப்பமும் அப்படித்தான.”

பதிலுக்குச் சொல்ல நல்ல வாக்கியம் ஒன்று அவர் போன பிறகு தோன்றியது. நாளைக்கு வைத்திருக்கிறேன்.

நாளைக்கு எப்போது வருவார் என்று மதினியிடம் கேட்டுவைத்தேன். குளிக்கிற நேரத்தில் வந்துவிடக் கூடாதே என்பதற்காக.


அக்டோபர் 18, சனி

கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதனால்தான்.

சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். எங்கள் அப்பா தவறவிட்டதில்லை, அண்ணனும் தவறவிடுவதில்லை. தலையில் முடி இல்லாவிட்டாலும் உள்ளங்கை நிறைய நல்லெண்ணெய் ஊற்றி அறைந்து தேய்த்துக்கொள்வார். அந்தச் சத்தம் கீழே வரை கேட்கும். இன்று எண்ணெய் ஊறுகிற நேரத்தில், குளிப்பதற்குள் என் காயத்தைப் பார்த்துவிடலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். நான் குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன், எப்படித் தெரியும்? முடியை விலக்கினார், கிழக்கு மூலை என்றார், இன்னும் கொஞ்சம் விலக்கினார். அப்புறம்தான் நல்லெண்ணெய் வாசனை எனக்கு வந்தது.

கையைத் தட்டிவிட்டேன். அவர் தன் விரல்களைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். பழைய துணி எடுத்துவர ஓடினார். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கும் இதே அவசரம்தான். குளிச்சிட்டு வரதுக்குக்கூடப் பொறுக்காது ஒங்களுக்கு. ஒங்களுக்கு ஆகணும்னா யாரு தலையில என்ன விழுந்தாலும் சரி. இனிமே கீழ வராதீங்க.”

அவர் துணியோடு வாசலில் நின்றார். கிழிந்த பழைய பனியன் அது. அதை வாசல் கம்பியில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்து முறுக்கு அவிழ்ந்திருக்கிறது. பசை செதில்போல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. எப்போதும்போல.

நேற்று யோசித்து வைத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.


அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் மோட்டாரை நிறுத்தப் போனேன். கதவில் ‘போட்டேன்’ இல்லை. எதுவுமே எழுதவில்லை. கதவு அழுத்தி மூடியிருந்தது. அதன் இரும்பு முனைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார். சட்டப்படி பார்த்தால் இது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகும். ஆனால் முடிச்சுகள் மிகவும் நேர்த்தி. சர்வே சங்கிலி பிடித்த கை.

காயத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. வராதே என்று சொன்னவன் நான்தான். இருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டேன். கூட்டிப் பெருக்குவதற்காக.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்பினால் மழைத் தூறல். தலை நனையக் கூடாது. என் குடை ஜபல்பூரிலேயே தொலைந்துவிட்டது. கதவைத் திறந்தால் வாசல் கம்பியில் ஒரு குடை தொங்குகிறது. உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ‘ஆவுடை’ என்று எழுதிய பழைய குடை. காயத்தின் நலன் கருதி எடுத்துக்கொண்டேன்.

அதே டாக்டர். எண்ணெய் பட்ட கதையை ஆதியிலிருந்து சொன்னேன். யார் மேல் தவறு என்பதையும் தெளிவாகச் சொன்னேன். அவள் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

“ஓரத்துல பசை விட்டிருக்கு சார். அதனால என்ன? உள்ள தோல் சேந்துருச்சு. பசை இருக்கறதே தோல் சேர்ற வரைக்கும் பிடிச்சுக்கறதுக்குத்தான். மிச்சம் தானா விழற வரைக்கும் எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான். தினமும் யாரு பாக்கறாங்க? நல்லா சுத்தமா வச்சிருக்காங்களே.”

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலையில் மதினி வந்தாள். தீபாவளிக்கு உக்காரை கிளறியிருக்கிறாள், ருசி பார்க்கச் சொல்லி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நான் இரண்டு வருஷமாகப் பார்த்த மதினி அதிர்ந்து பேச மாட்டாள். இன்றைக்கும் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

அண்ணன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். மாடிப்படியில் வந்து உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறாராம். அது அவர் பாடு என்றேன்.

“தம்பி, அன்னைக்கும் அவசரம்னு சொன்னியளாமே. அன்னைக்கு நீங்க இங்க இல்ல, நான் இருந்தேன். வெள்ளிக்கெழம மத்தியானமே எடுக்கணும்னு பங்காளிக எல்லாரும் நிக்காக. ‘எந் தம்பி வரட்டும்’னு இவுக மட்டும் வாசல மறிச்சிட்டு நின்னாக. பொழுது சாயுத வரைக்கும் நின்னாக. பெறகு பெரியவுக எல்லாம் சேந்து கையப் புடிச்சு நவுத்திட்டாக.”

இது எனக்கு ஓரளவு தெரிந்ததுதான், வேறு யாரோ அப்போது சொன்னார்கள் என்றேன். உண்மையில் யாரும் சொன்னதில்லை.

“வாய்க்கரிசி போடும்போது இவுக அள்ளிப் போட்டாக. போட்டுட்டு மறுபடியும் அள்ளுனாக. ‘ஒரு மகன் ஒரு தரம்தான் போடணும்’னு பெரியவுக சத்தம் போடுதாக. ‘இது என் தம்பி பங்கு’ன்னாக. தாய் வாயில ஒங்க பங்கப் போட்டுட்டுத்தான் தூக்கவிட்டாக.”

இதை ஏன் ஒன்பது வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேட்டியளா? கேட்டது ‘பொறுக்க முடியலையா’ன்னுதான. அதுக்கு அவுக என்ன சொல்லுவாக? சொல்லுத ஆளா அவுக?”

கிண்ணத்தை நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உக்காரையில் நெய் கொஞ்சம் அதிகம். ஏலக்காய் பதமாக இருந்தது. வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடிவதற்குள் தெரு முழுக்க வெடிச்சத்தம். எழுந்து குளிக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் நல்லெண்ணெய் இல்லை. எனக்கு எண்ணெய் கூடாது என்பது தெரியும். ஆனால் தீபாவளி அன்று வீட்டில் எண்ணெய் இல்லாமல் இருப்பது சரியில்லை. கடை எதுவும் திறந்திருக்காது. மதினியின் கிண்ணத்தையும் திருப்பித் தர வேண்டியிருந்தது. இந்த இரண்டு காரணங்களுக்காக மாடி ஏறினேன். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அந்தப் படிகளில் நான் ஏறியது இதுதான் முதல் தடவை.

கதவு திறந்தே இருந்தது. மதினி என்னைப் பார்த்ததும், நேற்றும் வந்துபோனவனைப் பார்ப்பதுபோல, “வாங்க தம்பி, மணை போட்டிருக்கு,” என்றாள். இரண்டு மணைகள் போட்டிருந்தன. ஒன்றில் அண்ணன் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்தார், இடம் ஏற்கனவே இருந்தபோதிலும்.

உட்கார்ந்தேன். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தை மதினி எடுத்தாள். அம்மா போன பிறகு வீட்டுக்கு மூத்தவள் அவள்தான், அவள்தான் எண்ணெய் வைக்க வேண்டும். அண்ணன் தலையில் வைத்தாள். பிறகு என் தலைக்கு மேல் அவள் கை வந்து அப்படியே நின்றது.

“உச்சியில வைக்கக் கூடாதுல்ல. எண்ணெ வைக்காம என்ன தீவாளி?”

பரவாயில்லை, வேண்டாம் என்று எழுந்திருக்கப் போனேன். அண்ணன் கிண்ணத்தை வாங்கினார். மணையிலிருந்து இறங்கித் தரையில் என் முன்னால் உட்கார்ந்தார்.

“கால நீட்டு.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். மூத்தவர், தகப்பன் ஸ்தானம். இளையவன் காலை அவர் தொடுவது எந்த வீட்டிலும் இல்லாத வழக்கம். அதைச் சொன்னேன்.

“நீங்க என் காலத் தொடக் கூடாது, அண்ணே.”

அண்ணே என்று நான் சொன்னதை மதினி கவனித்தாள். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“சின்னதுல ஒனக்குக் காச்ச வந்தாத் தலைக்கு எண்ணெ ஆகாது. உள்ளங்கால்லதான் தேய்க்கணும். யாரு தேச்சா? அம்மைக்கு ஏது நேரம், அடுப்படிய விட்டு வர? நாந்தான் தேச்சேன். அப்பம் எங்க போச்சு ஒன் சட்டம்? நீட்டுல, மூதி.”

நீட்டினேன். கை சொரசொரப்பாக இருந்தது. எண்ணெய் சூடாக இருந்தது. இரண்டு காலிலும் குதிகாலிலிருந்து விரல் வரை, அவசரமே இல்லாமல் தேய்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனில் எடுத்த படங்களில் இருந்த மின்விசிறியைவிட இது பழையது.

தேய்த்து முடித்துவிட்டு என் தலையைப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், எட்டிப் பார்த்தார்.

“நாலு எல்லையும் சுத்தம்,” என்றார். பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “ஒனக்கு இருக்க முடியப் பாரு. அன்னைக்கு மொட்ட எடுத்தது, எனக்குத் திரும்பி வரவே இல்ல. ஒனக்கும் சேத்து எடுத்துட்டாங்க போல.”

மதினிதான் முதலில் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை யோசித்து வைத்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. வாய்க்கரிசி பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார், அப்புறம் இலையில் போட்ட இட்லி ஆறிவிடும்.

எண்ணெய்க் காலோடு படி இறங்குவது ஆபத்து. அவர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு விபத்து வேண்டாம் என்பதால் நானும் விடவில்லை.


அக்டோபர் 21, செவ்வாய்

கோமதியிடம் பேசினேன். பேரன் நன்றாக இருக்கிறான். தீபாவளிக்கு எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். மாடியில் என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொல்ல வேண்டியிருந்தது.


அக்டோபர் 22, புதன்

பெட்டிக் கதவுக்கு ஒரு கொக்கி வாங்கிவந்து மாட்டினேன். கீல் தளர்ந்து கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று நினைக்கிறேன். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.


அக்டோபர் 24, வெள்ளி

தலையணையில் பசை விழுந்து கிடந்தது. மீன் செதில் அளவு, அதில் நாலைந்து முடி. இரண்டு பக்கத்து முடியும் இன்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருந்தது. தூக்கி எறியப் போய், எறியவில்லை. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வேதியியல் படித்தவனுக்கு மாதிரிகளைச் சேர்ப்பது பழக்கம்.

அண்ணன் வந்து பார்த்தார். இனிமேல் பார்க்கத் தேவையில்லை என்றார். நாலு நாள் எதற்கும் பார்ப்பது நல்லது, இந்த விஷயங்களில் முன்ஜாக்கிரதை முக்கியம் என்றேன். அவரும் அதுதான் சரி என்றார்.


அக்டோபர் 25, சனி

நல்லெண்ணெய். மாடியில். அவர் அறைந்து தேய்க்கிற சத்தத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் மோசம்.


அக்டோபர் 26, ஞாயிறு

இன்று மோட்டார்ப் பெட்டிக் கதவில் ‘போட்டேன்’ என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ‘சொதிக் குழம்பு. வா.’

போய்ச் சாப்பிட்டேன். கூடத்தில் பத்திரிகை இணைப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் அந்த வாசகர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் தன் மாமனாரைப் பற்றிக் காட்டமாக எழுதி, பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தார். முழுக்கப் படித்துவிட்டு, “சவத்தத் தள்ளு, இதெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா,” என்றார். ஆனால் அடுத்ததையும் படித்தார்.

கீழே வந்து, எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எதற்காக எழுத ஆரம்பித்தேனோ அது இதில் ஒரு பத்திதான் இருக்கிறது. மீதியெல்லாம் காப்பியும் குடையும் சைக்கிள் டியூபும். விரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இனி அதில் விரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். ஆனால் வாய்க்கரிசி விஷயம் எனக்குத் தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரிய வேண்டும். முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வராது, கேட்க அவருக்கும் வராது. அவர் ஒரு எழுத்து விடாமல் படிக்கிற இடம் ஒன்று இருக்கிறது.

ஆகவே ஆரம்பத்தில் சொன்னபடி அனுப்புகிறேன். ஒரு வரியும் திருத்தவில்லை. நாளைக் காலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கொக்கியைப் போட்டுவிட்டு, தபாலில் சேர்ப்பேன். கீழே பெயர் போடவில்லை. விலாசமும் இல்லை. உள்ளே இருக்கும் பெயர்களையாவது மாற்றலாம் என்று யோசித்து, பத்திரிகைக்காரர்களே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எந்தப் பெயர் போட்டாலும் தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இதைப் படித்துவிட்டுப் படி இறங்கி வருவார். வாசலில் நின்று, ஒம் பேரு என்ன என்று கேட்பார். காலண்டரைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்வேன்.